பதினெட்டாவது விதி

உதைபந்தாட்டத்துக்கு விதிகள் 17. எழுதப்படாத பதினெட்டாவது ஒன்றும் உண்டு என்பர் அனுபவமுள்ள மத்தியஸ்தர்கள்: பொதுப்புத்தி.

குருநகர், பாசையூர், நாவாந்துறை என யாழ்ப்பாணக் கரையோரத்தில் வெறுங்காலுடன் ஆடிப் பழகியோர் பலர். அது இழிவாகக் கருதப்பட்டதில்லை. 1948 ஜூலை 31இல், இலண்டன் ஒலிம்பிக்கில், இந்திய அணியினரில் பெரும்பாலானோர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தனர். சாரங்கபாணி ராமன் கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2-1 எனத் தோற்றனர். அன்றைய விதி, சப்பாத்து அணிந்தால் அது எவ்வாறு இருக்கவேண்டும் என்றதேயன்றி, அணிந்தேயாக வேண்டும் என்று கூறவில்லை.

இன்று நான்காம் விதி பாதணியைக் கட்டாயமாக்கியுள்ளது. காலைக் காப்பதே நோக்கம், நியாயமானதே. ஆயினும், ஆட்டத்தின் நடுவே சப்பாத்துக் கழன்றவர் அக்கணமே பந்தை வலைக்குள் அடித்தால் அது கோல்தான் என்கிறது அதே விதி. பந்து வெளியே சென்றதும் மாட்டிக்கொண்டால் போதும். 2016இல் ஐந்தாம் விதியும், ஆட்டத்தின் உணர்வுக்கு இசையத் தீர்ப்பளிக்குமாறு மத்தியஸ்தரைப் பணித்தது.

சப்பாத்தில்லாத சிறுவனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துபவர் இவ்வரிகளையும் படிக்கவேண்டும். அவன் ஒரு சோடி இரவல் வாங்கிவரும்வரை ஐந்து நிமிடம் பொறுத்தால் எந்த விதியும் உடைந்துவிடாது.