கதிரையும் ஆடுகதிரையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே அமைந்த ஊர் கரடியனாறு. வயலும் காடும் அடுத்தடுத்து விளங்கும் இப்படுவான்கரைப் பகுதியின் வேளாண்மையைப் பற்றிப் பேசுவோர் பலர். குளங்களின் பழமையைப் பேசுவோரும் உளர். வீட்டு விறாந்தையிலே கிடக்கும் கதிரைக்கும் ஒரு வரலாறு உண்டென எண்ணுவோர் மிகச் சிலரே. அதனை ஆராயப் புகுந்தால், நம் காட்டு மரமும், கடல் கடந்து வந்தோர் பழக்கமும், நம்மூர்த் தச்சரின் கைத்திறனும் அதனுள்ளே ஒன்றுகூடி நிற்றல் புலப்படும்.

முதலில் பெயரை நோக்குவோம். தமிழகத்தார் நாற்காலி என்று வழங்குவதை ஈழத்துத் தமிழராகிய நாம் கதிரை என்கிறோம். இச்சொல் 'கதெய்ரா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. மேசை, அலுமாரி, யன்னல், சாவி என்பனவும் அம்மொழி தந்தவையே. பொருளும் பெயரும் ஒருங்கே வந்தமைக்கு இவை சான்று. அதனால் நம் முன்னோர் இருக்கையை அறியாதவர் என்று கொள்ளல் ஆகாது. அரசுகட்டிலும் பீடமும் முக்காலியும் பழந்தமிழர் அறிந்தவையே. ஆனால், பொதுமக்கள் இல்லத்திலே திண்ணையும் பன்பாயுமே இருக்கையாயின. கால்களைத் தொங்கவிட்டு, முதுகைச் சாய்த்து, தனியொருவர் அமர்வதற்கெனச் செய்த கதிரை பின்னாளிற் பரவியது.

போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். பத்தாண்டு கழித்து, 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறினும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலே நிலைத்தனர். அவர்கள் தச்சு, கொல்லுத் தொழில், தையல், சப்பாத்துத் தைத்தல் முதலியவற்றை வழிவழியாகச் செய்தனர். அவர்களைப் பற்றி 1982இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, கைத்தொழிலே அச்சமூகத்தின் அடையாளமாக இருந்தமையை எடுத்துக் காட்டியுள்ளார். கதிரை என்னும் பெயரைத் தந்த மொழியை வீட்டிலே பேசியவாறே கதிரை செய்தோர் நம்மிடையே வாழ்ந்தார்கள் என்பது நினைக்கத்தக்கது.

தச்சருக்கு வேண்டிய மரத்தை வழங்கியது காடு. உலர்வலயக் காட்டிலே வளரும் முதிரை பொன்னிறமும் பட்டுப்போன்ற பளபளப்பும் உடையது, கடினமானது. ஆங்கிலேயர் அதனை விரும்பித் தம் நாட்டுத் தளபாடங்களுக்கும் கொண்டு சென்றனர். கருங்காலியின் கருமையோ உலகறிந்தது. பிரம்பும் இலங்கைக் காடுகளிற் கிடைத்தது. வெப்ப நாட்டிலே தடித்த மெத்தை வியர்வையை உண்டாக்கும். பின்னிய பிரம்போ காற்றை உள்ளே விடும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கீழைநாட்டு வணிகக் கப்பல்களின் வழியாகப் பிரம்புப் பின்னல் ஐரோப்பியர் கதிரைகளையும் அடைந்தது. கதிரை மேற்கிலிருந்து வந்ததாயின், அதன் இருக்கைப் பின்னல் கிழக்கிலிருந்து சென்றது. கடன் ஒரு பக்கத்ததன்று.

இவ்வாறு நம் மண்ணுக்கு ஏற்ப அமைந்தவற்றுள் சிறந்தது சாய்மனைக் கதிரை. முதுகு நன்கு சாய்ந்து, கைச்சட்டம் நீண்டு, கால்களையும் அதன்மேல் நீட்டிக் கிடக்க உதவும் கதிரை அது. வயல் பார்த்து மீண்ட போடியார், மாலைவேளையிலே விறாந்தையில் அதிற் சாய்ந்திருக்க, ஏனையோர் வாங்கிலும் பாயிலும் இருந்து கதைப்பர். கதிரை ஓய்வுக்கு மட்டுமன்றி மதிப்புக்கும் அடையாளமாயிற்று. யார் கதிரையில் அமரலாம், யார் நிற்கவேண்டும் என்னும் வேற்றுமையும் அதனோடு வந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இனி ஆடுகதிரையைக் கருதுவோம். குழந்தையின் தொட்டிலுக்கு வளைசட்டம் பொருத்தும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. அதே சட்டத்தைக் கதிரையின் கால்களிற் பொருத்தலாம் என்னும் எண்ணமோ 18ஆம் நூற்றாண்டிலேதான் இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் செயலாயிற்று. பெஞ்சமின் பிராங்கிளின் அதனைக் கண்டுபிடித்தார் என்பர். அதற்குத் தக்க சான்றில்லை. 1860இல் மைக்கேல் தோனெட் என்பார் பீச் மரக்கழிகளை நீராவியிற் பதப்படுத்தி வளைத்து, ஓர் ஆடுகதிரையை ஒஸ்திரிய நாட்டில் வெளியிட்டார். வளைந்த கொடிபோன்ற அவ்வடிவம் உலகெங்கும் பரவிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஆடுகதிரை இலங்கைச் செல்வர் இல்லங்களையும் அடைந்தது. அமெரிக்க சனாதிபதி லிங்கன் 1865இல் நாடக அரங்கிற் சுடப்பட்டபோது அமர்ந்திருந்ததும் ஓர் ஆடுகதிரையே. முதுகுவலியால் வருந்திய கென்னடிக்கு 1955இல் மருத்துவர் பரிந்துரைத்ததும் அதுவே.

ஆடுகதிரையின் இரகசியம் வளைசட்டத்திலே அடங்கியுள்ளது. அச்சட்டம் ஒரு பெருவட்டத்தின் சிறு பகுதி. அமர்ந்தவரின் நிறைமையம் அவ்வட்டத்தின் மையத்துக்குக் கீழே நிற்கும்வரை, சாய்ந்த கதிரை தானே மீளும். வளைவு மிகுந்தால் பின்னே கவிழும். குறைந்தால் ஆட மறுக்கும். இரு சட்டங்களும் சிறிது வேறுபட்டாலும் கதிரை ஆட ஆட ஒருபுறமாக நகரும். அளவறிந்த தச்சனுக்கே இது கைவரும்.

அதன் ஆட்டம் மனத்தைக் கவர்வது ஏன்? ஏணையிற் கிடந்த குழவியும், ஊஞ்சலில் ஆடிய சிறுமியும் அறிந்த இன்பம் அது. 2011இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் பன்னிருவரை மெல்ல அசையும் கட்டிலிற் பகலுறங்கச் செய்து, அசையாக் கட்டிலினும் அவர்கள் விரைந்து துயின்றமையைக் கண்டனர். நம் தாய்மார் ஆய்வின்றியே அறிந்திருந்த உண்மை இது.

பழங்கதிரைகளை மிகுவிலை கொடுத்து வாங்குவோர் இன்று பலர். இங்கே ஒரு செய்தியைச் சொல்லல் தகும். 18ஆம் நூற்றாண்டிலே ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு, கடைந்து செதுக்கிய கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவை தம் நாட்டுப் பழைய டியூடர் மன்னர் காலத்தன என அவர் நம்பினார். பிற்காலத்து ஆராய்ச்சியோ, அவை சோழமண்டலக் கரையோரத்திலே 17ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்டவை எனக் காட்டிற்று. அவற்றைச் செய்த தச்சர் ஒருவரின் பெயரேனும் அக்கதிரைகளோடு செல்லவில்லை. பெயரும் ஊரும் எழுதிவைக்கப்படாத பொருள் பிறரின் கதைக்கு உரியதாகிவிடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இது நமக்கும் பொருந்தும். உள்நாட்டுப் போரின்போது, 2007இன் தொடக்க மாதங்களில், படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பிள்ளையையும் பொதியையும் சுமந்து செல்வோர் கதிரையைச் சுமந்து செல்லல் இயலாது. 2004இன் கடற்கோள், பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார்ப் பகுதியைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அச்சமூகத்தாருட் பலர் ஏலவே அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். பழைய மரமும் எளிதிற் கிடையாது. காட்டு மரத்தை வெட்டவும் ஏற்றிச்செல்லவும் சட்டம் அனுமதி வேண்டுகிறது. அது காட்டின் நன்மைக்கே. ஆகவே, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கதிரையும் மீண்டும் செய்துகொள்ள அரிய பொருளாயிற்று.

பழமையை அறியும் வழிகள் எளியன. கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். இரும்பாணியின்றி மரமுளையால் இறுக்கிய பொருத்து, கையாற் சீவிய உளிச்சுவடு, பல தலைமுறையின் கைபட்டு வழுவழுத்த கைச்சட்டம், தரையிலுராய்ந்து தேய்ந்த வளைசட்டத்தின் நடுப்பகுதி ஆகியன பொய் சொல்லா. அவற்றைச் சுரண்டிப் புதுமெருகு பூசுவது எழுதிய ஏட்டை அழிப்பதை ஒக்கும். அறுந்த பிரம்பை மீளப் பின்னலாம். தளர்ந்த முளையை மாற்றலாம். அழிந்த சுவட்டை மீட்க இயலாது.

நேயர்களே, வீட்டுப் பழங்கதிரையை விற்பது அவரவர் உரிமை, தேவையும் நெருக்கும். ஆயினும், விற்குமுன் ஒன்று செய்யுங்கள். எந்த மரம், எந்த ஊர்த் தச்சர், யாருடைய திருமணத்துக்கு அல்லது எவ்வீட்டின் குடிபுகலுக்குச் செய்தது என்பனவற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, ஒரு கடதாசியில் எழுதிக் கொள்ளுங்கள். கதிரை கொழும்புக்கோ கடலுக்கப்பாலோ சென்றாலும், செய்த கையின் பெயர் கரடியனாற்றிலே தங்கும்.