கேம்கோடர்களில் பட நிலைப்படுத்தல்

பட நிலைப்படுத்தல் என்பது, படம்பிடிக்கும்போது கை நடுக்கத்தால் காட்சியில் ஏற்படும் ஆட்டத்தைக் குறைக்கும் நுட்பமாகும். கேம்கோடர்களின் எடை குறைந்ததே இதன் தேவையைக் கூட்டியது.

1983-இல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி ஏறத்தாழ 2.5 கிலோ எடை கொண்டது. தோளில் வைத்து இயக்கப்பட்டது. அந்த எடையும் தோளின் தாங்கலும் சிறு நடுக்கங்களை ஓரளவு அடக்கின. 1989-இல் வந்த சோனி டிஆர்55-இன் எடை 790 கிராம் மட்டுமே. கையில் பிடித்து இயக்கும் இத்தகைய கருவிகளில், ஜூம் செய்யும்போது மெல்லிய நடுக்கமும் பெரிதாகத் தெரிந்தது. திரைத்துறையில் 1970-களிலேயே காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் இருந்தது. ஆனால் உடலில் கவசம்போல் அணிந்து, பயிற்சி பெற்று இயக்க வேண்டிய அது வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதன்று.

பானசோனிக் பொறியாளர் மிட்சுவாகி ஓஷிமா, கருவியின் சுழற்சியை அதிர்வு கைரோ உணரியால் அளந்து ஈடுசெய்யும் முறையை உருவாக்கினார். 1988-இல் வெளியான பானசோனிக் பிவி-460 இதைப் பயன்படுத்தியது.

பின்னர் இருவகை முறைகள் பரவின. மின்னணு முறையில், உணரியில் பதியும் படத்தின் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டு, ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்தப்படுகிறது. இதற்குக் கூடுதல் கண்ணாடிப் பாகங்கள் தேவையில்லை. ஆனால் ஓரங்கள் வெட்டப்படுவதால் கூர்மை குறையக்கூடும். ஒளியியல் முறையில் ஒளியின் பாதையே திருத்தப்படுகிறது. கேனான் உருவாக்கிய மாறுகோண முப்பட்டகத்தில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவம் நிரப்பப்பட்டிருக்கும். தகடு சாயும்போது ஒளி வளைந்து காட்சி நிலைபெறும். இம்முறையில் படம் வெட்டப்படுவதில்லை. ஆனால் நுண்ணிய அசையும் பாகங்கள் தேவை.

இன்றைய திறன்பேசிகளிலும் கைரோ உணரியின் துணையுடன் இவ்விரு முறைகளும் பயன்படுகின்றன.