கொலஸ்ட்ரால் குறைந்த இதய நோயாளிகளுக்கு ஸ்டாட்டின்

இதய ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தாலும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. பேராக் மாநிலத்தில் ஈப்போ தொடங்கி சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்கள் வரை, ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான்: "கொழுப்புதான் இறங்கிருச்சே, இன்னும் எதுக்கு மருந்து?"

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து மட்டும் இந்த மருந்து தரப்படுவதில்லை. அடுத்த அடைப்பைத் தடுக்கவே தரப்படுகிறது. 2002இல் வெளியான பிரிட்டனின் 'ஹார்ட் புரொடெக்‌ஷன்' ஆய்வில் 20,536 பேர் சேர்ந்தனர். சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. எடுத்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். தொடக்கத்திலேயே 3 மில்லிமோலுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அதே பலன். 2011இல் கொரிய மருத்துவர்கள், எல்.டி.எல். 70 மி.கி.க்கும் குறைவாக இருந்த 1,054 மாரடைப்பு நோயாளிகளின் பதிவேட்டை அலசியபோதும் ஸ்டாட்டின் எடுத்தவர்களே நன்றாக இருந்தனர். பதிவேட்டு ஆய்வு என்பதால் அதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது; துணைச் சான்றுதான்.

குறைந்த எண் ஏமாற்றவும் செய்யும். மாரடைப்பு வந்த ஓரிரு நாளில் எல்.டி.எல். தானாகவே இறங்கிவிடும். தவிர, ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் இறுகவும் உதவுகிறது. நம்மவர்களுக்கு எல்.டி.எல். சுமாராக இருந்தாலும் நல்ல கொழுப்பு குறைவு, இனிப்பு நீர் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது.

இங்கே ரிப்போர்ட் மில்லிமோலில் வரும், சென்னை உறவினருக்கு மில்லிகிராமில். எல்.டி.எல். 1.8 என்பது அங்கே சுமார் 70. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் இதய நோயாளிகளுக்கு வைத்த இலக்கு 1.4க்கும் கீழே.

முதல் ஸ்டாட்டினை ஜப்பானின் அகிரா எண்டோ 1973இல் பூஞ்சையிலிருந்து பிரித்தார். 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டின், சிவப்பு ஈஸ்ட் அரிசியிலும் உண்டு. சித்தியவான் ஃபூச்சோ சீனர்களின் சிவப்பு ஒயின் அந்த அரிசியில் ஊறுவதுதான். மருந்தின் அளவு நிலையாக இராது என்பதால் அந்த அரிசி மாத்திரைக்கு ஈடாகாது.

தம்பூன் பம்ளிமாஸ் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் உறவுப் பழமான கிரேப்ஃபுரூட், சிம்வாஸ்டாட்டினை உடலில் அதிகம் தேங்க வைக்கும். இவற்றை அதிகம் சாப்பிடுபவர்கள் மருந்தாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. தசை வலி வந்தாலும் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.