தோட்டத்து வீடும் இருபது அங்குலக் குழலும்

போன தை மாசம் என் மாமா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போன் பண்ணினார். "மாப்ள, நீதான் பழைய சட்டம், கெஜட்டுனு என்னத்தையோ தோண்டிட்டே இருக்கியே. வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கறேன். எது வாங்கறது, சுட்டா கேஸ் வருமா, பாத்துச் சொல்லு."

மாமாவுக்கு 71 வயசு. அத்தைக்கு முழங்கால் வலி. பையன் வெளிநாட்டில். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் வயசானவர்களைக் கொன்று நகையை எடுத்துப்போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"ரெண்டு நாள் குடுங்க மாமா" என்றேன். ரெண்டு மாசம் ஆகிவிட்டது.

முதலில் "சுட்டா கேஸ் வருமா" என்ற கேள்வி. இதற்கான பதில் 1860-ல் எழுதப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் 34 முதல் 44 என்று மாறின, உள்ளே இருக்கும் சங்கதி பெரும்பாலும் அதேதான். எங்கள் துறையில் பழைய கோடை அப்படியே எடுத்து ஃபைல் பேரை மட்டும் மாற்றுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதில் வீடு சம்பந்தப்பட்டது பழைய 103. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது, உயிருக்கோ பலத்த காயத்துக்கோ பயப்பட நியாயம் உள்ள நிலையில் நடக்கும் திருட்டு அல்லது அத்துமீறல். இவற்றைத் தடுக்க எதிராளியின் உயிரே போகும்படி செய்தாலும் குற்றமில்லை. புதிய சட்டத்தில் "இரவில்" என்பதை சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை என்று தெளிவாக்கி இருக்கிறார்கள். வீட்டை உடைப்பதற்குப் பழைய சட்டம் தரும் முதல் உதாரணமே சுவரில் துளை போட்டுக் கையை உள்ளே விடுவது. நம் ஊர்க் கன்னம் வைத்தலேதான்!

இதை மட்டும் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினால் மாமா ஜெயிலுக்குப் போய்விடுவார். 99-ஆம் பிரிவு இரண்டு கடிவாளம் போடுகிறது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. பட்டப்பகலில் கிணற்று மோட்டாரைக் கழட்டிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் கொலைக்குப் பதில் கொலையாகாத மரணம் என்று குறையலாம், அவ்வளவுதான்.

இத்தனை தாராளமான உரிமையை ஒரு காலனி அரசு ஏன் எழுதிவைத்தது? இந்தச் சட்டத்தின் முதல் வரைவு மெக்காலே தலைமையிலான குழு 1837-ல் தந்தது. கூடவே விளக்கக் குறிப்புகளும் உண்டு. தற்காப்பு பற்றிய குறிப்பில் அவர்கள் சொல்வதன் சாரம் இது: துணிச்சலான, தானே கையில் எடுக்கும் பழக்கமுள்ள மக்களுக்குச் சட்டம் எழுதுவதாக இருந்தால் இன்னும் கட்டுப்பாடுகள் போட்டிருப்போம்; இந்தியாவில் பிரச்சினை நேர் எதிர்; கொள்ளைக் கூட்டம் வந்தாலும் பொறுத்துப் போகிறார்கள்; அதனால் தைரியத்தை வளர்க்கவே விரும்புகிறோம்.

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஏன் என்று சொல்ல ஒரு 36 வருஷம் பின்னால் போகணும். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தெற்குப் பாளையங்களில் கோட்டைகளை இடிப்பது, ஈட்டியிலிருந்து துப்பாக்கி வரை ஆயுதங்களைப் பறிப்பது என்று. அதற்கு முன் தென் மாவட்ட கிராமங்களில் வீட்டைக் காப்பது வீட்டுக்காரன் வேலையே இல்லை. காவல்காரனுக்கு அறுவடையில் பங்கு அளப்பார்கள். திருட்டுப் போனால் அவன் கண்டுபிடித்துத் தரணும், இல்லையென்றால் நஷ்டத்தை ஈடு செய்யணும். இன்றைக்கு இன்ஷூரன்ஸ் என்போம். (காவல் கூலி கொடுக்காதவன் வீட்டில் திருட்டுப் போவதும் நடந்தது. அதைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம்.) கம்பெனி அந்த ஏற்பாட்டையும் ஒழிக்கப் பார்த்தது, ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறை கழித்து, இந்த மக்கள் ஏன் இப்படிப் பொறுத்துப் போகிறார்கள் என்று ஒரு கமிட்டி ஆச்சரியப்படுகிறது.

அடுத்தது இன்னும் விசேஷம். 1857 கலகம் முடிந்து, 1860-ல் தண்டனைச் சட்டம் நிறைவேறுகிறது. அது அந்த வருஷத்து 45-ஆம் சட்டம். அதே வருஷத்து 31-ஆம் சட்டம் என்ன தெரியுமா? ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தி, வேண்டிய இடங்களில் பறிமுதல் செய்ய அதிகாரம் தரும் சட்டம். ஒரு கை உரிமையைக் கொடுக்க, மறு கை கருவியை வாங்கிக்கொண்டது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இதை நாடு முழுக்க இறுக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். 1887-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலேயே இதை எதிர்த்துப் பேசித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அகிம்சை பேசிய காந்தியே 1918-ல் இந்தச் சட்டத்தை ஆங்கிலேய ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் குறிப்பிட்டார்.

விலக்குப் பெற்ற இந்தியர்களும் உண்டு. பக்கத்தில் குடகு. 1861-ல் கமிஷனர் மார்க் கப்பன் குடகர்களுக்கு ஆயுத விலக்கு கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்கிறது, கடைசியாக 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். மாமா குடகில் பிறந்திருந்தால் எனக்கு இந்த ரெண்டு மாச வேலை மிச்சம்.

இனி "எது வாங்கறது". 1959 ஆயுதச் சட்டம் 1878-ஐ நீக்கியது. ஒழுங்கான குடிமகனுக்குத் தற்காப்பு ஆயுதம் கிடைக்கணும் என்பது அதன் நோக்க உரையிலேயே இருக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பழைய காலத்தில் மிராசுதார் வீட்டுச் சுவரில்தான் துப்பாக்கி தொங்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வரியின் அருமை புரியும்.

ஆனால் தேர்வை நமக்கு விடவில்லை. 13(3) பிரிவின்படி, பாதுகாப்புக்காகக் கேட்டால் ஓரளவு எளிதாகக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்: உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல், குறைந்தது 20 அங்குல நீளம். அதாவது நம்ம ஊர் 12 போர் ரெட்டைக்குழல். (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், அதில் ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 போர்.) .32 ரிவால்வரோ .315 ரைஃபிளோ வேண்டுமென்றால் "தகுந்த காரணம்" இருப்பதாக ஆட்சியர் திருப்தியடைய வேண்டும். 9 மில்லிமீட்டர் சாமானியருக்குக் கிடையாது.

ஏன் 20 அங்குலம்? வேட்டிக்குள் ஒளிக்க முடியாது. அறுத்துக் குட்டையாக்கினால் அதுவே தனிக் குற்றம். அரசாங்கத்தின் பார்வையில் சரி. மாமாவின் பார்வையில்? கடையில் கிடைக்கும் ரெட்டைக்குழலில் குழல் பெரும்பாலும் 28, 30 அங்குலம். கட்டையோடு சேர்த்தால் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தூக்கிக்கொண்டு நடையிலிருந்து திரும்பவே இடம் பத்தாது. சினிமாவில் காட்டுவது போல ரவைகள் குடை மாதிரி விரியாது, பத்தடி தூரத்தில் ஒரு உள்ளங்கை அகலம்தான். குறி பார்த்தே ஆகணும். 71 வயசில், ராத்திரி ரெண்டு மணிக்கு, கண்ணாடியைத் தேடி எடுத்து. துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் சாவி எங்கே, பூட்டாமல் வைத்தால் விடுமுறைக்கு வரும் பேரன் கையில் போனால் என்ன என்ற கேள்வி வேறு. தேர்தல் வந்தால் அதை ஒப்படைக்கவும் சொல்வார்கள். அந்த நாட்களில் திருடன் லீவு எடுக்க மாட்டான்.

சரி, எல்லாம் சரியாக நடந்து சுட்டே விட்டார் என்று வைப்போம். தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில், தகப்பனைக் கோடரி போன்ற ஆயுதத்தால் தாக்கியவரை மகன் துப்பாக்கியால் சுட்டார். நடந்தது 1991-ல். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது, உயர் நீதிமன்றம் கொலை என்றது, 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காப்புதான் என்று விடுவித்தது. ஆபத்து வரும்போது கோழையாக ஓடத் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பு அழகாகச் சொல்கிறது. சொல்லி முடிக்கப் பதினெட்டரை வருஷம் ஆனது.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொன்னேன். மாமா வெத்தலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார். "அப்ப நெல்லு அளந்தவனுக்குத் திருட்டுப் போனா காசு வந்துச்சு, வரி கட்டறவன் நாய் வளத்தோணும்ங்கற?"

"அப்படி இல்லீங்க மாமா..." என்று ஆரம்பித்து, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இப்ப நகைக்குத்தான் வர்றான். துப்பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சா அதுக்கும் சேத்து நாலு பேரா வருவான். முதல்ல அந்தத் தெக்குப்பக்கத்து லைட்டை மாத்தச் சொல்லு."

லைட்டை நானே மாற்றிவிட்டு வந்தேன். ரெண்டு நாட்டு நாய்க்குட்டி சொல்லி வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் விண்ணப்பம் டிவிக்குக் கீழே இருக்கிறது. டாக்டர் சான்றிதழ் வாங்கவும், சுடும் பயிற்சிச் சான்றிதழுக்கும் எப்போது வருகிறாய் என்று மாமா நேற்றும் போனில் கேட்டார்.