வடக்கும் தெற்கும்: மலாயாக் கிண்ணப் போட்டியும் நடுநிலையும்

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் பெலிம்பிங் தொடங்கிப் புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களில் மாலை நேர வாழ்வின் நடுவிடம் பந்துத் திடலே ஆகும். விடியற்காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த இளைஞர்கள், வெயில் தாழ்ந்ததும் அங்கே கூடுவர். கோயில் திருவிழாவிற்கு அடுத்தபடியாகத் தோட்டத்து மக்களை ஒன்றுசேர்த்தது காற்பந்தே எனில் அது மிகையன்று.

தோட்டங்களுக்கிடையே போட்டி வைக்கும்போதெல்லாம் முதலில் எழும் வழக்கு, எந்தக் குழுவை எந்தக் குழுவோடு சேர்ப்பது என்பதுதான். ஆட்டக்காரர்களை லோரியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தமையால், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களை ஒரே பிரிவில் வைப்பது எளிதாக இருந்தது. ஆனால் அப்பக்கத்துத் தோட்டங்கள் மூன்றும் வலிய குழுக்களாக அமைந்துவிட்டால், அவற்றுள் இரண்டு தொடக்கத்திலேயே வீடு திரும்ப, வேறொரு பிரிவிலிருந்து எளிய குழுவொன்று அரையிறுதியில் வந்து நிற்கும். “நாங்கள் யாரிடம் தோற்றோம் என்று பார்க்க வேண்டாமா?” என்று வெளியேறியவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. இந்நாட்டின் பழம்பெருங் காற்பந்துப் போட்டியே அக்கேள்வியைப் பல்லாண்டுகள் சுமந்து வந்துள்ளது.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் பொருளுதவியால் கட்டப்பெற்ற ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921ஆம் ஆண்டில் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வருகை தந்தது. அக்கப்பலினர் நன்றியறிதலாக அளித்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். 1967இல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிற்று. முதலாண்டில் ஆறு குழுக்கள் களமிறங்கின. சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகிய மூன்றும் வடபிரிவு. சிங்கப்பூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் ஆகிய மூன்றும் தென்பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெற்ற குழு இறுதியாட்டத்தில் மோதும். பயணமும் விடுமுறையும் அருமையாயிருந்த அக்காலத்தில் இவ்வேற்பாடு நியாயமானதே. எந்த மாநிலத்தையும் வஞ்சிக்கும் எண்ணம் அதில் இருந்ததாகக் கூறவியலாது.

எனினும் விளைந்தது என்ன? 1921 முதல் 1941 வரை நடைபெற்ற இருபத்தொரு இறுதியாட்டங்களிலும் தெற்கிலிருந்து வந்த குழு ஒன்றே ஒன்றுதான்; அது சிங்கப்பூர். வடக்கிலிருந்தோ நான்கு மாநிலங்கள் வந்துள்ளன. சிலாங்கூர் பதினைந்து முறையும், பேராக் மூன்று முறையும், பினாங்கு இருமுறையும், பின்னாளில் வந்து சேர்ந்த கெடா ஒருமுறையும் இறுதியாட்டம் கண்டன. மலாக்காவும் நெகிரி செம்பிலானும் ஒருமுறையேனும் அவ்வரங்கில் நின்றதில்லை. பின்னர் வந்த ஜொகூருக்கும் அதே கதிதான்.

இதைக் கண்டு தென்பிரிவு வலுவற்றது, ஆகவே சிங்கப்பூர் வேர்வை சிந்தாமல் இறுதிக்கு வந்துகொண்டிருந்தது என்று தீர்ப்பளிக்கத் தோன்றும். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகும். அவ்விருபத்தொரு ஆண்டுகளில் சிங்கப்பூர் பன்னிரண்டு முறை வென்றது. 1928, 1929 ஆகிய இரண்டாண்டுகளிலும் சிலாங்கூருடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது. ஏழு முறை தோற்றது. எளிய வழியில் வந்த எளிய குழுவின் கணக்கன்று இது. 1927இல் சிலாங்கூர் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சிங்கப்பூரை வீழ்த்திற்று. 1933இல் சிங்கப்பூர் எட்டுக்கு இரண்டு என்று பழிதீர்த்துக்கொண்டது. இவ்விரு ஆட்டங்களில் எதைக்கொண்டு வடக்கின் வலிமையை அளப்பது? எதைக்கொண்டு தெற்கை எடைபோடுவது?

சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. வடபிரிவுக் குழுவும் தென்பிரிவுக் குழுவும் இப்போட்டியில் நேருக்கு நேர் சந்தித்தது ஆண்டுக்கு ஒரே நாள். அதுவும் இரண்டே குழுக்கள். மலாக்கா பினாங்கை வெல்லுமா, நெகிரி செம்பிலான் பேராக்கிற்கு ஈடு கொடுக்குமா என்று அறிய அம்முறையில் வழியே இல்லை. சிங்கப்பூருக்கு அடுத்த நிலையில் நின்ற தென்னாட்டுக் குழு, மலாயா முழுமைக்கும் இரண்டாவதாக இருந்திருக்கலாம், ஆறாவதாகவும் இருந்திருக்கலாம். சந்தியாத குழுக்களை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதபோது வலிமை பற்றிய பேச்செல்லாம் ஊர்ப்பற்றின் பேச்சாகவே முடியும். 1921இல் இருபது அகவையினனாக மலாக்காவிற்கு ஆடத் தொடங்கிய ஒருவன், நாற்பது அகவையில் தன் மகனை ஆட அனுப்பும்போதும் அக்குழு இறுதியாட்டத்தின் வாயிலைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

போர் முடிந்தபின் 1948இல் கிண்ணப் போட்டி மீண்டும் தொடங்கியது. சிங்கப்பூர் இடம்பெறாத முதல் இறுதியாட்டம் அதுவே. அதில் சிலாங்கூரை எதிர்த்து நின்று கிண்ணத்தை வென்றது எது? இருபத்தொரு முறையும் வாயிலுக்கு வெளியே நின்ற நெகிரி செம்பிலான்! இந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டு பழைய ஆண்டுகளையெல்லாம் திருத்தி எழுதிவிட முடியாது; போருக்குப் பிந்திய ஆட்டக்காரர்கள் வேறு, சூழ்நிலை வேறு. ஆயினும் தென்பிரிவின் பின்வரிசையை இழித்துப் பேசியவர்களுக்கு அது தக்க விடையாக அமைந்தது.

பிரிவுமுறை பல வடிவங்களில் மேலும் முப்பதாண்டுகள் நீடித்தது. 1979இல்தான் பெரிய மாற்றம் வந்தது. எல்லா மாநிலங்களும் ஒரே பட்டியலில் ஆடின. அதில் முதல் நான்கு இடங்களைப் பெற்றவை கிண்ணத்தின் அரையிறுதிக்குச் சென்றன. யார் யாரோடு சேர்க்கப்பட்டனர் என்ற வழக்கு இதனால் ஒழிந்தது. தோட்டப்புறங்களில் எம். சந்திரன், ஆர். ஆறுமுகம், கே. இராஜகோபால் போன்ற சிலாங்கூர் ஆட்டக்காரர்களின் பெயர்களை வானொலி வழியே கேட்டுக் களித்த மக்களுக்கு, ஆட்டத்தோடு புள்ளிப் பட்டியலைக் கணக்கிடுவதும் ஒரு வேலையாயிற்று.

ஒரு வழக்கு ஒழிந்த இடத்தில் மற்றொன்று முளைத்தது. பட்டியலில் முதலிடம் பெற்ற குழு, அத்தனை ஆட்டங்களிலும் தன் தகுதியை மெய்ப்பித்த பின்னரும், அரையிறுதியில் நான்காமிடத்துக் குழுவிடம் தடுக்கி விழலாம். அவ்வாறாயின் அதன் உழைப்பிற்கு மதிப்பென்ன? இதனாலேயே 1982 முதல் பட்டியலின் முதலிடத்திற்கெனத் தனிப் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அதனைப் பெற்றது பினாங்கு. கிண்ணத்தை வென்றதோ சிலாங்கூர். 1983இல் பட்டியலில் முதலிடம் பெற்றது மலாக்கா. ஆம், அதே மலாக்காதான். எல்லாரையும் எதிர்த்தாடும் வாய்ப்புக் கிடைத்ததும் எல்லாருக்கும் மேலே நின்றது. ஆனால் அவ்வாண்டு இறுதியாட்டத்தில் பகாங்கும் சிலாங்கூரும் மோத, பகாங் முதன்முறையாகக் கிண்ணம் ஏந்திற்று.

1989இல் முறை மறுபடியும் மாறியது. குழுக்கள் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு எனத் தரவாரியாகப் பிரிக்கப்பட்டன. முதற்பிரிவிலிருந்து ஆறு குழுக்களும், இரண்டாம் பிரிவிலிருந்து இரண்டு குழுக்களும் கிண்ணத்தின் காலிறுதிக்குத் தகுதி பெற்றன. தோட்டத்துத் திடலில் கேட்ட கேள்வி இங்கே சட்டமாகவே எழுதப்பட்டுவிட்டது எனலாம். முதற்பிரிவில் வலியவர்களோடு மோதி ஏழாமிடம் பெற்ற குழு தகுதியுடையதா? இரண்டாம் பிரிவில் தன்னையொத்தவர்களை வென்று இரண்டாமிடம் பெற்ற குழு தகுதியுடையதா? ஆறும் இரண்டும் என்னும் எண்கள் இதற்கு விடையல்ல; அவை உடன்பாடு மட்டுமே. ஆயினும் அவ்வுடன்பாடு ஆட்டம் தொடங்குமுன்பே அனைவர்க்கும் தெரிந்திருந்தது என்பது அதன் சிறப்பு.

இச்சிறப்பின் அருமை, அஃது இல்லாத இடத்தைப் பார்க்கும்போது விளங்கும். அமெரிக்கக் கல்லூரிகளிடையே ஆடப்படும் காற்பந்து நம் காற்பந்தன்று. பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். அங்குக் கல்லூரிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. 2014 முதல் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழுவொன்று கூடி, இறுதிச் சுற்றுக்கு நான்கு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து வந்தது. 2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று தன் கூட்டமைப்பின் முதன்மைப் பட்டத்தையும் பெற்றது. ஆயினும் அது தேர்வு பெறவில்லை. அதன் முன்னணி ஆட்டக்காரர் காயமுற்றிருந்தார் என்பது தேர்வுக்குழு காட்டிய காரணம். வலிமை மிக்கதெனக் கருதப்பட்ட கூட்டமைப்பிலிருந்து, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா உள்ளே சென்றது. விடப்பட்ட குழு பின்னர் வேறோர் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63க்கு 3 என்று தோற்றபோது, தேர்வு சரியே என்றனர் ஒரு சாரார். மனமுடைந்து பலர் ஆட வராத குழுவைக் கொண்டு எதை நிறுவுவது என்றனர் மறுசாரார். 2024இல் நான்கு இடங்கள் பன்னிரண்டாயின. பதின்மூன்றாவதாக நிற்பவரின் வழக்கு அன்றே தொடங்கிற்று. தோற்ற குழு எந்த மேசையில் தோற்றது என்று தேட வேண்டிய அவலம் மலாயாக் கிண்ணத்தில் நேர்ந்ததில்லை. இங்குப் பிரிவு தவறாயிருந்திருக்கலாம். ஆனால் தோல்வி திடலிலேயே நிகழ்ந்தது.

மலாக்காவின் கணக்கு மட்டும் நேராகவில்லை. நெகிரி செம்பிலான் 1948க்குப் பின் அறுபத்தோராண்டுகள் காத்திருந்து 2009இல் மறுபடியும் கிண்ணத்தை வென்றது; 2011இல் மூன்றாம் முறையும் வென்றது. 1921 தொடங்கிய முதல் நூறாண்டுகளில் கிண்ணத்தை வென்றவர் வரிசையில் மலாக்காவின் பெயர் இல்லை. 1983ஆம் ஆண்டுப் பட்டியலின் தலைப்பில் மட்டும் அது இருக்கின்றது.