மண்ணின் கூரையை அளந்த வரலாறு

'சுருங்கை' என்பது தமிழில் பழஞ்சொல். மதுரையின் நிலத்தடி வழியைச் சுட்டச் சிலப்பதிகாரம் இதனை ஆள்கிறது. இச்சொல்லையும் 'சுரங்கம்' என்பதனையும் கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்னும் சொல்லோடு தொடர்புறுத்தும் ஆய்வாளரும் உளர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், நிலத்தைக் குடைவோன் தன் தலைக்குமேல் உள்ள மண்ணைப் பற்றி முன்னரே எண்ணியாக வேண்டும் என்பது எக்காலத்துக்கும் பொதுவான உண்மை. அவ்வெண்ணம் திட்டமாக வளர்ந்த வரலாற்றையும், அத்திட்டம் தவறிய இடங்களையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மலையும் நெய்வேலியும்

கல்வராயன் மலை மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. மரஞ்செடிகள் புதைந்து கரியாவதற்குரிய படிவுப் பாறைகள் அங்கில்லை. ஆதலின் நிலக்கரியும் இல்லை. ஆயின், அம்மலையிற் பிறக்கும் கோமுகியின் நீரும் மணிமுத்தாற்றின் நீரும் வெள்ளாற்றை நாடிக் கிழக்கே செல்லச் செல்ல நிலத்தின் இயல்பு மாறுகிறது. கடலை நோக்கிச் சாயும் அப்படிவு நிலத்தில் அமைந்ததே நெய்வேலி. 1993 வரை நாமும் அவ்வூராரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தினர்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. 1940களில் நடந்த ஆய்வுகள் அதனைப் பழுப்பு நிலக்கரி என உறுதிசெய்தன. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். எனினும் கரிப்படுகை கண்ணுக்குப் புலனானது 1961 ஆகஸ்டில்தான்.

இத்தாமதத்தின் காரணம் மேலே கிடந்த மண் மட்டுமன்று. கீழே கிடந்த நீருமாகும். கரிப்படுகைக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேல்மண்ணின் பாரம் நீங்கினால் அந்நீர் அடித்தளத்தைப் பிளந்து குழியை மூழ்கடித்துவிடும். எனவே சுரங்கத்தைச் சூழக் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே வெட்ட முடிந்தது. மேலிருந்த மணற்பாங்கான மண்ணோ கூரையாக நிற்கும் வலிமையற்றது. இவ்விரண்டையும் சீர்தூக்கியே திறந்தவெளிச் சுரங்கம் என்ற முடிவு செயலாயிற்று. அம்முடிவின் விலையாக, மேலே இருந்த சிற்றூர்கள் தம் வயலையும் கோயிலையும் விட்டுப் பெயர்ந்தன.

நெடுஞ்சுவர் முறை

கரி ஆழத்திலும், மேற்பாறை உறுதியாகவும் இருக்குமிடத்தில் நிலத்தடிச் சுரங்கமே வழி. இதில் பழைய முறை, இடையிடையே கரித் தூண்களை விட்டு வெட்டுவது. கூரை நிற்கும்; ஆனால் கரியில் பெரும்பங்கு தூணாகவே தங்கிவிடும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வேறொரு முறை தோன்றியது. அதுவே 'லாங்வால்' எனப்படும் நெடுஞ்சுவர் முறை.

இரு பக்கப் பாதைகளுக்கு இடையே நீண்ட கரிச்சுவர் ஒன்று வகுக்கப்படும். வெட்டும் இயந்திரம் அச்சுவரின் முகத்தில் போய் வந்து கரியைச் சீவும். நீர்ம அழுத்தத்தால் இயங்கும் இரும்புத் தாங்கிகள் வரிசையாக நின்று கூரையைத் தாங்கும். வெட்ட வெட்ட அவை முன்னேறும். பின்னால் விட்ட கூரை தானே இடிந்து விழும். கூரையை என்றும் தாங்கி நிற்பது இம்முறையின் கருத்தன்று. விழவேண்டிய இடத்தில், விழவேண்டிய நேரத்தில் விழச் செய்வதே கருத்தாகும்.

ஆகவே திட்டமிடுவோர் விடை காணவேண்டிய வினாக்கள் பல. சுவரின் அகலம் என்ன? மேற்பாறை எத்தனை தொலைவு விழாமல் தொங்கும்? தாங்கிகள் எவ்வளவு பாரம் பொறுக்கும்? நச்சுக்காற்று எவ்வழியே வெளியேறும்? அருகில் நீர் நிறைந்த பழஞ்சுரங்கம் உண்டா? இறுதி வினா எம்முறைச் சுரங்கத்துக்கும் உரியது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலாவில் அத்தகைய நீர் உட்புகுந்து 375 தொழிலாளர் உயிரைக் கொண்டது.

1978இல் ஜாரியா கரிவயலின் மூனிடியில் இயந்திரத் தாங்கிகளோடு கூடிய நெடுஞ்சுவர் சுரங்கம் இந்தியாவில் கால்கொண்டது. 1990இல் சுர்ச்சாவிலும், 1997இல் கோட்டாடியிலும் கூரை பெரும்பாரத்தோடு ஒருங்கே இறங்கித் தாங்கிகளை நொறுக்கியது. ஐரோப்பியக் கரிவயல்களில் மேற்பாறை எளிதில் உதிரும். நம் நாட்டிலோ தடித்த மணற்கல் நெடுந்தொலைவு தொங்கிப் பின் சட்டென முறியும். சுர்ச்சாவில் அதற்கும் மேல் டோலரைட் என்னும் கருங்கல் படலம் ஒன்று கிடந்தது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் நெடுஞ்சுவர்போல் நிலத்தைக் கிழித்து நிற்கும் அக்கல்லின் வன்மையை நாம் அறிவோம். அயல்நாட்டுக் கணக்கை அப்படியே இங்குப் பொருத்த இயலாது என்பதே இவ்விரு விபத்துகளும் கற்பித்த பாடம்.

அதன்பின் தெலங்கானாவின் அட்ரியாலாவில் 250 மீட்டர் நீளச் சுவரும், ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல் தாங்கவல்ல தாங்கிகளும் கொண்ட சிங்கரேணி நிறுவனச் சுரங்கம் 2014இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கும் 2022 மார்ச்சில் கூரை சரிந்து, பாதுகாப்பு அதிகாரி உள்ளிட்ட மூவர் மாண்டனர். வலிய தாங்கி வந்த பின்னும் விழிப்பு ஓய்வதற்கில்லை.

எழுதப்படாத பத்தி

திட்ட அறிக்கைகளில் டன்னுக்கு ஒரு பத்தி உண்டு. செலவுக்கு ஒரு பத்தி உண்டு. நெடுஞ்சுவர் முறையில் பின்னால் கூரை விழ, அதன்மேல் உள்ள நிலமும் தாழ்கிறது; கிணறும் ஏரியும் வீட்டுச் சுவரும் அதனை உணர்கின்றன. அதையும் பொறியாளர் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். ஆனால் அங்கு வாழ்வோரின் சொல்லுக்கு அவ்வறிக்கையில் எத்தனை வரி?

இந்திய விடுதலைக்குப் பின்னும் 1976 வரை ஜாகீர்தார் பிடியில் இருந்தவர் கல்வராயன் மலைமக்கள். தம் நிலத்தைப் பற்றிய முடிவு தம்மைக் கேளாமல் எடுக்கப்படுவதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். நெய்வேலியில் பெயர்ந்த ஊர்களுக்கும் அது தெரியும். பாறையின் வலிமையை அளக்கக் கருவிகள் உள்ளன. ஊரின் நினைவை அளக்கும் கருவி இன்றளவும் சொல் ஒன்றே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அப்பத்தியை எழுத முன்வருவார்களாயின், சுரங்க வரலாறும் இலக்கிய வரலாறும் ஓரிடத்தில் சந்திக்கும்.