'ஓகே' பிறந்த கதையும் நன்னூலின் நேர்விடையும்



நாம் நாள்தோறும் சொல்லும் 'ஓகே' ஒரு கேலியில் பிறந்தது. 1830-களின் இறுதியில் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, முதலெழுத்துகளால் சுருக்கி விளையாடினர். 'ஆல் கரெக்ட்' என்பதன் பிழைச் சுருக்கமாக, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் 'ஓ.கே.' வெளிவந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவர் பிறந்த கிண்டர்ஹூக் ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என அதனையே முழக்கமாக்கினர். அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது! 1960-களில் இவ்வரலாற்றைத் தேடி நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட்.

13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் விடையை எட்டாகப் பகுத்தார். உடன்பட்டுக் கூறுவது நேர்விடை. "செய்வாயா?" என்றால் "செய்வேன்" என்பது. வினாவின் வினைச்சொல்லே விடையில் திரும்புகின்றது. (இங்கு ஜொகூரில், முடியுமா எனும் பொருளில் "போலே?" என்று கேட்டால் "போலே" என்றே மலாய்க்காரர் விடையளிப்பதும் இவ்வாறுதான்.)

"செய்வேன்" என்ற பிள்ளையிடம் மறுநாள் ஏட்டைக் கேட்கலாம். "ஓகே" என்ற பிள்ளையோ, காதில் விழுந்தது என்று மட்டும் சொல்லியிருக்கக்கூடும். ஆதலால் என் வகுப்பில் 'ஓகே'வுக்குத் தடையில்லை. அதன்பின் ஒரு வினைமுற்றும் வரவேண்டும். வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.